கழுத்துப் பட்டையில் என் முகவரி

நவம்பர் 21

சின்னவளுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவன் புண்ணியத்தில் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உன் அத்தான் ரயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சளி பிடித்துக்கொண்டார், மற்றபடி சேதாரம் இல்லை. மருமகளுக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். கால் வீங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. குளிர்காலம் முடிகிற வரைக்கும் இங்கேதான் இருக்க வேண்டும் என்று பையன் சொல்லிவிட்டான்.

மாவு எப்படி இருக்கிறாள்? மாவு டப்பாவில் விட்டு எடுத்தது போன்ற அந்த மூஞ்சியை நினைத்தால் இங்கே சாப்பாடு இறங்கவில்லை. பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் பூனை கூடாது என்று பையன் கறாராகச் சொன்னதால்தான் உன்னிடம் விட்டேன். வேறு யாரிடமும் விட்டிருக்க மாட்டேன் என்று எழுதினால் உனக்குத் தலைக்கனம் ஏறும். ஆனாலும் எழுதுகிறேன்.

பையில் வைத்து அனுப்பியதை எல்லாம் ஒரு முறை சரிபார்த்துக்கொள். நீலக் கரை போட்ட தட்டு, தண்ணீர்க் கிண்ணம், சீப்பு, என் பழைய கம்பளிச் சால்வை. தட்டை மாற்றாதே, வேறு தட்டில் வைத்தால் தொட மாட்டாள். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு மிச்சம் வைத்தாள் என்று அன்றன்றைக்குக் குறித்து வை. நான் அப்படித்தான் செய்வேன். ஒரு வேளை குறைந்தாலும் உடனே தெரியும்.

இனி குளிர் விஷயம். பனி விழ ஆரம்பித்ததும் தெருவில் உப்பைக் கொட்டிவிடுவார்கள். அது பாதத்தில் ஒட்டும், அவள் நக்குவாள், வாயும் வயிறும் புண்ணாகும். பால்கனிக்குப் போய் வந்தாலும் வெதுவெதுப்பான துணியால் நாலு காலையும் துடைத்துவிடு. விரல் இடுக்கு முக்கியம். ஹீட்டருக்கு ஒட்டிப் படுக்க விடாதே, அவளுக்கு வால் பொசுங்கினாலும் தெரியாது. வெளியே விடவே விடாதே. நிறுத்தி வைத்த கார் சூடாக இருக்கிறதென்று பூனைகள் இன்ஜினுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கார்க்காரன் வண்டியை எடுத்தால் கதை முடிந்தது.

போனில் பேசலாமே என்பாய். என் காது இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். போனில் எல்லாரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவது போலத்தான் எனக்கு இருக்கிறது. எழுது.

கழுத்துப் பட்டையில் என் வீட்டு முகவரி இருக்கிறது. அதைத் தொடாதே.

அக்கா

நவம்பர் 28

அக்கா,

உன் கடிதம் வந்துச்சு. கடிதமா அது? எங்க லாண்டரி சுவத்துல தொங்கற விதிமுறைப் பலகைகூட அதைவிடச் சின்னது.

'சின்னவளுக்கு'ன்னு போட்டிருந்தே. பரவாயில்லை. அன்னைக்கு லாண்டரி வாசல்ல இஸ்திரிப் பொண்ணுங்க அத்தனை பேர் முன்னாடி "கடுகு, கடுகு"ன்னு கத்தினியே, ஒரு வாரம் என்னை ஓட்டித் தள்ளிட்டாங்க. "நாப்பது வயசுக்காரியை அந்தப் பேர்ல கூப்பிடாதே, எனக்குப் பிடிக்கலை"ன்னு சொன்னேன். நீ அப்புறம் கூப்பிடவே இல்லை. நல்லதாப் போச்சு.

உன் மாவு இங்கே மாவு இல்லை. மேடம். வந்த அன்னைக்கே சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில எல்லாத்தையும் மோந்து பாத்துட்டு, எதுவும் திருப்தி இல்லாத மாதிரி என்னை ஒரு பார்வை பாத்தா பாரு, எங்க மேற்பார்வை மேடம் தோத்துப் போகணும். அன்னையிலேர்ந்து அந்தப் பேர்தான். அவளுக்கும் பொருந்துது.

சாப்பிடறா. குறிச்செல்லாம் வைக்க மாட்டேன். தட்டு காலின்னா சாப்பிட்டா, இல்லைன்னா இல்லை. காலைத் துடைக்கறேன், ஹீட்டரைத் தள்ளி வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு. வேலை முடிஞ்சு வந்து நாற்காலியில சாஞ்சா உடனே ஏறி மடியில படுத்துக்கறா. முன்னங்காலை மடக்கி, தலையை என் முழங்கையில வெச்சுக்கிட்டு அப்படியொரு தூக்கம். எழுந்திரிக்க மனசே வரலை. ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போகுது. உன் வீட்டுல அலமாரி மேலேர்ந்து இறங்கவே மாட்டான்னு சொல்லுவியே?

ஆனா கூப்பிட்டா மட்டும் வர்றதில்லை. மாவுன்னாலும் சரி, மேடம்னாலும் சரி, காதையே அசைக்க மாட்டேங்கறா. கட்டிலுக்கு அடியில போய்ட்டா பிடிக்கறதுக்குள்ள எனக்கு முதுகு போயிடுது. நீ எப்படிக் கூப்பிடுவே? எழுது.

கழுத்துப் பட்டையில என் முகவரியும் போடணும். பூட்டின வீட்டு முகவரியை மாட்டிக்கிட்டு அவ என்ன பண்ணுவா?

நான்தான்

டிசம்பர் 4

சின்னவளுக்கு,

மடியில் படுக்கிறாளா?

உன் கடிதத்தைப் பிரார்த்தனை முடிந்ததும் படித்தேன். படித்துவிட்டு மறுபடி பிரார்த்தனைக்கு உட்கார வேண்டியதாயிற்று. இத்தனை குளிர்காலம் அவளுக்குச் சோறு போட்டேன். ஜுரம் வந்தபோது துளித்துளியாக மருந்து ஊற்றினேன். சீப்பு போட்டேன். என் மடிக்கு ஒரு நாள் வந்ததில்லை. அலமாரி மேல் உட்கார்ந்து, மாமியார் மருமகளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதுவே அவளுடைய அன்பு என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்குப் போன வாரத்திலேயே மடி. நல்லது. ஆண்டவன் யாருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறானோ கொடுக்கட்டும்.

மேடம் என்று கூப்பிடாதே. பிராணிகளுக்குப் பெயர் மாறினால் குழப்பம் வரும்.

எப்படிக் கூப்பிடுவேன் என்று கேட்டாய். அது சாயங்காலம் எனக்கும் அவளுக்கும் நடுவில் நடக்கிற விஷயம். எங்கே இருந்தாலும் வந்துவிடுவாள். உனக்கு அது சரிப்படாது. கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும், பசித்தால் வருவாள்.

கழுத்துப் பட்டை இருக்கிறபடி இருக்கட்டும். அவள் என் வீட்டுப் பூனை. இரண்டு முகவரி போட்டால் பார்க்கிறவன் எதை நம்புவான்?

வருடக் கடைசி வருகிறது. எல்லார் வீட்டிலும் மினுமினுப்பு நாடாவைத் தொங்கவிடுவார்கள். பூனைக்கு அது விளையாட்டுச் சாமான். விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். உன் வீட்டில் ஒரு துண்டுகூடக் கீழே கிடக்கக்கூடாது. சாக்லேட் விஷம். உலர்ந்த திராட்சையும் வெங்காயமும் ஆகாது. யாராவது லில்லிப் பூ கொண்டு வந்தால் வாசலிலேயே வாங்கி வெளியே வைத்துவிடு. அந்தப் பூ நின்ற தண்ணீரை நக்கினால்கூடச் சிறுநீரகம் போய்விடும். உன் தலைவலி மாத்திரையை மேசையில் போட்டு வைக்கிற பழக்கத்தை விடு. கார்களுக்கு ஊற்றுகிற கூலண்ட் தரையில் சொட்டினால் தித்திக்குமாம், நக்கிவிட்டுச் செத்துப்போகும். புத்தாண்டு ராத்திரி பட்டாசு வெடிப்பார்கள். ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்து, ரேடியோவைப் பாட விடு.

மடியில் படுக்கும்போது மூச்சு சீராக இருக்கிறதா என்று பார். அவளுக்குக் குளிரில் மூக்கடைக்கும்.

அக்கா

டிசம்பர் 11

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

இனிமே உங்களை நீங்கன்னுதான் எழுதப்போறேன். வீட்டு உரிமையாளருக்கும் பூனைக் காவல்காரிக்கும் அதுதானே மரியாதை?

உங்க வீட்டுப் பூனையா? மறந்துட்டீங்களா? அவ எங்க லாண்டரி பாய்லர் பின்னாடி, சூட்டுக் குழாய்க்கு அடியில, கைக்குட்டை அளவு கிடந்தா. உள்ளே கையை விட்டு எடுத்தது நான். மணிக்கட்டுல இப்பவும் கீறல் இருக்கு, வந்து பாருங்க. என் வீட்டுக்காரருக்கு இழுப்பு இருந்ததால, பூனை முடி ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால, உங்க கையில கொடுத்தேன். "பாத்துக்கோங்க"ன்னுதான் சொன்னேன். "வெச்சுக்கோங்க"ன்னு சொல்லலை. நீங்க மறு நாளே பேர் வெச்சு, பட்டை வாங்கி, முகவரி போட்டு முடிச்சுட்டீங்க.

இப்ப அவர் இல்லை. இழுப்பும் இல்லை. வேலை விட்டு வந்து கதவைத் திறந்தா அந்த வீட்டுல உசுரோட இருக்கறது நானும் சுவர்க் கடிகாரமும்தான். கடிகாரம் மடியில ஏறாது. உங்களுக்கு அத்தான் இருக்காரு, பையன் இருக்கான், மருமக இருக்கா, இப்போ பேரப் பிள்ளையும் வரப்போகுது. உங்களோட ஆண்டவனும் கூடவே இருக்காரு. ஒரு பூனையையும் சேத்துக் கணக்குல எழுதிக்கணுமா?

கூப்பிடற வழியைக்கூடச் சொல்ல மாட்டேங்கறீங்க. சரி. அவ என்கிட்டயே இருக்கட்டும்னு நான் முடிவு பண்ணிட்டேன். குளிர் முடிஞ்சு நீங்க வந்ததும் பேசிக்கலாம்.

இருபத்தாறாம் தேதி லாண்டரிக்காரங்க எல்லாரும் என் வீட்டுக்கு வருஷக் கடைசி விருந்துக்கு வர்றாங்க. இவர் போனதுக்கு அப்புறம் என் வீட்டுல நாலு பேர் கூடறது இதுதான் முதல் தடவை. மேடத்தை எல்லாருக்கும் காட்டப்போறேன். சிவப்பு ரிப்பன் வாங்கி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்கள் பூனைக் காவல்காரி

டிசம்பர் 18

சின்னவளே,

நீங்கள், நீங்கள் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். என்னைத் திட்டியிருக்கலாம்.

பேத்தி பிறந்துவிட்டாள். தாயும் சேயும் நலம். ஆண்டவனுக்கு நன்றி சொல்லி முடித்த கையோடு இதை எழுதுகிறேன்.

சம்பந்தி அம்மா வந்திருக்கிறார். நல்ல மனுஷி. குழந்தை என் கையில் வந்தால் அழுகிறது, அவர் கைக்குப் போனால் அடங்கிவிடுகிறது. "உங்க கை ஜில்லுன்னு இருக்கு போல, அதான்" என்று அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார். கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு போய் வாங்கினேன். அப்போதும் அழுதது. இந்த வீட்டில் எனக்குப் பாத்திரம் கழுவத்தான் உரிமை இருக்கிறது. அதையும் சம்பந்தி அம்மா, "விடுங்க நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்கிவிடுகிறார். பூனையும் உன் மடியில் படுக்கிறது. என்னைத் தேடுகிற ஜீவன் என்று ஒன்று உலகத்தில் இருந்தது. அதையும் நீ முடிவு பண்ணிவிட்டேன் என்று எழுதுகிறாய்.

விருந்து வைக்கிறாய், வை. மாவைக் காட்சிப் பொருள் ஆக்காதே. கூட்டம் அவளுக்கு ஆகாது. படுக்கையறையில் தட்டு, தண்ணீர், மணல் தொட்டி எல்லாம் வைத்துக் கதவைச் சாத்து. "திறக்காதீர்கள், பூனை இருக்கிறது" என்று எழுதி ஒட்டு. விருந்தாளிகள் வருவதும் போவதுமாக வாசல் கதவு திறந்தே கிடக்கும். கோட்டு மாட்டுகிற நேரத்தில் காலுக்கு நடுவில் புகுந்து போய்விடுவாள். ரிப்பன் கட்டாதே. எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கூப்பிடுகிற வழியைப் பற்றி மறுபடி கேட்காதே. என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அக்கா

டிசம்பர் 28, விரைவுத் தபால்

அக்கா,

மேடத்தைக் காணோம். இல்லை, இருக்கா, ஆனா கைக்குச் சிக்கலை. எல்லாத்தையும் வரிசையா எழுதறேன்.

நேத்து ரெண்டு தடவை உன் பையன் வீட்டுக்கு போன் பண்ணினேன். ரெண்டு தடவையும் நீதான் எடுத்தே. நான் "அக்கா, அக்கா"ன்னு கத்தறேன், நீ "அவன் வெளிய போயிருக்கான், சாயங்காலம் பேசுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டே. லாண்டரிப் போன், நாலு மணிக்கு மேல முதலாளி அறையைப் பூட்டிடுவாரு. அதான் தபால்.

நீ சொன்ன மாதிரியே படுக்கையறையில வெச்சுச் சாத்தினேன். ஒட்டவும் ஒட்டினேன். எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் இஸ்திரிப் பொண்ணுங்க, "எங்கேக்கா உங்க மேடம், மடியில படுப்பான்னு தினமும் பீத்திக்குவீங்களே, கதையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நானே திறந்தேன். ரிப்பனோட தூக்கிட்டு வந்து நடுவுல நின்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தச் சத்தத்துல அவ என் தோள்ல கீறிட்டுத் தாவினா. அந்த நேரம் பார்த்து வேன் டிரைவர் கிளம்பறேன்னு வாசல் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு, பேசிக்கிட்டு நிக்கறாரு. போயிட்டா.

ராத்திரி முழுக்க எல்லாரும் தேடினோம். தெருவுல நின்ன ஒவ்வொரு காரோட பானெட்டையும் தட்டிக்கிட்டே போனோம். மாடியிலேர்ந்து ஒருத்தர், "யாரும்மா அது, கார் திருடறீங்களா?"ன்னு கத்தினாரு. ரிப்பன் வேலி முள்ளுல மாட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. நல்ல வேளை, அவிழ்ந்துடுச்சு.

காலையில பேப்பர்காரர் சொன்னாரு. விடியற நேரம் பஸ் நிறுத்தத்துல நடுங்கிக்கிட்டு இருந்தாளாம். பட்டையில முகவரியைப் படிச்சுட்டு, பாவம், நல்ல மனுஷன், உன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய் மணி அடிச்சிருக்காரு. யாரும் வரலை. கடைக்குப் போயிருப்பாங்க, வந்துடுவாங்கன்னு கேட்டுக்குள்ள விட்டுட்டுப் போயிட்டாரு. பட்டையில என் முகவரி இருந்திருந்தா அவ அன்னைக்கே என் வீட்டுல இருந்திருப்பா. அதை எழுதாம இருக்க முடியலை.

இப்ப உன் வீட்டுப் பின்வாசல் மரப் படிக்கு அடியில உடைஞ்ச பலகைக்குப் பின்னாடி போய் உக்காந்திருக்கா. ரெண்டு கண்ணு மட்டும் தெரியுது. கையை விட்டா இன்னும் உள்ளே போறா. வீட்டுச் சாவியையும் நீயே எடுத்துட்டுப் போயிருக்கே. என்னை நம்பி ஒரு சாவிகூடக் கொடுக்கலை. அட்டைப் பெட்டியில கம்பளி விரிச்சு வெச்சேன், வரலை. கறி வெச்சேன், உறைஞ்சு கல்லாயிடுச்சு. வர்ற ரெண்டு நாள் குளிர் இன்னும் இறங்கும்னு ரேடியோவுல சொல்றாங்க.

அக்கா, அவ உன் பூனைன்னே வெச்சுக்கோ. எனக்கு வேண்டாம். எப்படிக் கூப்பிடுவே? அதை மட்டும் சொல்லு.

உன் தங்கச்சி

டிசம்பர் 29

தங்கச்சிக்கு,

காலையில் உன் தபால் வந்தது. பையன் ஆபீஸ் போய்விட்டான். சம்பந்தி அம்மாதான் லாண்டரி நம்பரைச் சுற்றி, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று சைகை காட்டி என் கையில் கொடுத்தார். நான் இருக்கிற குரலையெல்லாம் கூட்டிச் சொல்லி முடித்தேன். முடித்த பதற்றத்தில் ரிசீவரை வைத்துவிட்டேன். எடுத்தது நீயா, வேறு யாராவதா, நீ என்ன பதில் சொன்னாய், எதுவும் எனக்குத் தெரியாது. மறுபடி சுற்றினால் லைன் கிடைக்கவில்லை. அதனால் எழுத்திலும் எழுதி அனுப்புகிறேன். உன் அத்தான் சளியோடு தபால் நிலையத்துக்குக் கிளம்பி நிற்கிறார்.

சாயங்காலம் விளக்கைப் போட்டதும் பின்வாசலைத் திறந்து வைத்து நின்றுகொண்டு பிரார்த்தனை சொல்லுவேன். மனசுக்குள் சொன்னால் எனக்கே கேட்காததால் வாய்விட்டுச் சொல்லுவேன். முடிந்ததும் தட்டைக் கீழே வைப்பேன். இதுதான் பழக்கம். எங்கே இருந்தாலும் கடைசி வரிக்கு மாவு வந்துவிடுவாள். வேறு எந்தப் பேருக்கும் அவள் வந்ததில்லை, மாவு என்ற பேருக்குக்கூட. பிரார்த்தனை இது:

"ஆண்டவனே, இருட்டிப் போச்சு. வெளியே இருக்கிறவர்களையெல்லாம் வீடு கொண்டுவந்து சேர். வண்டி ஓட்டுகிறவர்களைச் சேர். வேலைக்குப் போன இவரைச் சேர். தூரத்தில் இருக்கிற மகனைச் சேர், மருமகளைச் சேர். நாள் முழுக்க நின்றே இஸ்திரி போடுகிற என் கடுகைச் சேர். கடுகு, கடுகு, வீட்டுக்கு வா."

அவ்வளவுதான்.

நீ வேண்டாம் என்று சொன்ன பேரை நான் தினமும் வாசலில் நின்று கத்துகிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன். இது ஒரு காரணம். மடிதான் போயிற்று, குரலையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். இது இன்னொரு காரணம். இரண்டில் பெரியது பின்னதுதான். ஆண்டவனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், அவனிடம் பொய்க் கணக்கு காட்ட முடியாது.

கிடைத்துவிட்டால் உடனே ஹீட்டர் பக்கத்தில் போடாதே. துணியில் சுற்றி மெல்ல மெல்லச் சூடு ஏற்று. காதையும் பாதத்தையும் தேய்க்காதே. டாக்டரிடம் கொண்டு போ. சாவியையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன்.

ஒரு வரி எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

ஜனவரி 3

அக்கா,

கிடைச்சுட்டா. உசுரோட இருக்கா. தந்தி பாத்திருப்பே. மிச்சத்தை இதுல எழுதறேன்.

போனை எடுத்தது முதலாளி. "ஆண்டவனே இருட்டிப் போச்சு"ன்னு ஒரு பொம்பளை அலறறதைக் கேட்டதும் யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட ஓடி வந்தாரு. நான் வாங்கறப்ப நீ 'மருமகளைச் சேர்'ல இருந்தே. அப்புறம் என் பேர் வந்துச்சு. "அக்கா"ன்னு கத்தினேன். நீ வெச்சுட்டே.

முன்பாதியை முதலாளிதான் சொன்னாரு. பயத்துல கேட்டதாலயோ என்னமோ, ஒரு வார்த்தை விடாம மனசுல பதிஞ்சிருந்துச்சு அவருக்கு.

சாயங்காலம் உன் பின்வாசலுக்குப் போனேன். துணைக்கு ரெண்டு இஸ்திரிப் பொண்ணுங்க, பேப்பர்காரர். நீலக் கரைத் தட்டையும் எடுத்துக்கிட்டேன். அவர் போனதுக்கு அப்புறம் நான் ஆண்டவன்கிட்ட பேசறதில்லை, உனக்குத் தெரியும். அதனால பிரார்த்தனையை விட்டுட்டு, நேரா கடைசி வரியை மட்டும் சொல்லிப் பாத்தேன். அசையலை. மறுபடி சொன்னேன். ம்ஹூம். உன்கிட்ட வளந்தவ இல்லையா, வரிசை மாறினா ஒத்துக்க மாட்டா போல. பேப்பர்காரர், "முழுசாச் சொல்லுங்கம்மா, யாரு சிரிக்கப்போறா?"ன்னாரு.

முழுசாச் சொன்னேன். உன்னை மாதிரியே, காது கேக்காதவ குரல்ல. வாயிலேர்ந்து ஆவி வருது, கால் மரத்துப் போச்சு. வேலைக்குப் போன இவரைச் சேர்னு வந்தப்ப அத்தானைத்தான் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு மேலே போனேன். கடைசியில கொட்டற பனியில, நாலு பேர் முன்னாடி நின்னுக்கிட்டு, "கடுகு, கடுகு, வீட்டுக்கு வா"ன்னு என்னை நானே கூப்பிட்டேன்.

பலகைக்குப் பின்னாலேர்ந்து முதல்ல அந்த மாவு மூஞ்சி வந்துச்சு. என்னைப் பாக்கவே இல்லை. என் காலைத் தாண்டி, நேரா உன் பின்வாசல் கதவுக்கு முன்னாடி போய் உக்காந்து கதவையே பாத்துச்சு. தட்டை வெச்சேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்பவே சால்வையைப் போட்டு அள்ளிட்டேன். பொண்ணுங்க ரெண்டு பேரும் அழுதாங்க. பேப்பர்காரர் மூக்கைச் சிந்திக்கிட்டு, குளிர்னு சொன்னாரு.

டாக்டர் பாத்துட்டாரு. இடது காது நுனி குளிர்ல செத்துப் போயிடுச்சாம், கொஞ்சம் உதிர்ந்துடும்னாரு. பாதம் உப்புல வெடிச்சிருக்கு, களிம்பு கொடுத்திருக்காரு. நுரையீரல் சுத்தமா இருக்காம். என்ன சாப்பிட்டா, எவ்வளவு மிச்சம் வெச்சான்னு இப்ப நானும் குறிச்சு வைக்கறேன், சிரிக்காதே. புத்தாண்டு ராத்திரி திரையை இழுத்து ரேடியோவைப் பாட விட்டேன். வெடிச் சத்தத்துக்கு அவ பயப்படலை, நான்தான் பயந்தேன்.

ஒண்ணு சொல்லணும். மடியில படுத்தது நிஜம். அப்ப என் மடியில உன் கம்பளிச் சால்வை இருந்ததும் நிஜம். முதலாவதை எழுதினேன், ரெண்டாவதை எழுதலை. நீ எரியணும்னுதான். நேத்து சால்வையைத் துவைச்சுக் காயப் போட்டிருந்தேன். மேடம் அலமாரி மேல ஏறி உக்காந்து மாமியார் பார்வை பாத்தா.

தினமும் சொன்னியா அக்கா? சண்டை போட்ட நாள்லகூடவா?

கடுகு

ஜனவரி 9

கடுகுக்கு,

சண்டை போட்ட நாளில் இன்னும் சத்தமாகச் சொல்லுவேன்.

தந்தியைச் சம்பந்தி அம்மா என் காதுக்குப் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தார். குழந்தை என் கையில் இருந்தது. நான் அழுதேன். அது அழவில்லை, என்னை வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து என் கையில் கொஞ்ச நேரம் இருக்கிறது. சம்பந்தி அம்மாவின் முகம் சற்று வாடுகிறது. தப்பு என்று தெரிந்தும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம். ஆண்டவன் மன்னிக்கட்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சால்வை விஷயத்தைப் படித்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது. பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இத்தனை காலம் என் குரலுக்குத்தான் மாவு வருகிறாள் என்று இருந்தேன். இப்போது யோசித்தால், அவள் உன் பேருக்குத்தான் வந்திருக்கிறாள். நான் கூப்பிட்டதெல்லாம் உன்னை, வந்ததெல்லாம் அவள். என் வாசலில் நின்று, என் வாயால், உனக்கே உழைத்திருக்கிறேன். பொறாமையாக இருக்கிறது. யாரைப் பார்த்து என்றுதான் விளங்கவில்லை.

சாவி இந்நேரம் உன் கைக்கு வந்திருக்கும். நான் வந்த பிறகும் அது உன்னிடமே இருக்கட்டும். பின்வாசல் பலகையை அடித்துவிடச் சொல். தட்டைச் சாயங்காலம் மட்டும்தான் வைக்க வேண்டும், நீ கண்ட நேரத்தில் வைத்துப் பழக்காதே. பாதத்துக் களிம்பை நக்காமல் பார்த்துக்கொள்.

குளிர் விட்டதும் வருகிறேன். மாவு எந்த வீட்டில் இருப்பாள் என்பதை நேரில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். மேடம் என்று மட்டும் என் காதுபடக் கூப்பிடாதே. கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது என்று சிரிக்காதே.

கழுத்துப் பட்டையில் உன் முகவரியையும் போட்டுவிடு. எழுத்து சின்னதாக இருக்கட்டும், என்னுடையதுக்குக் கீழே. நான்தான் மூத்தவள்.

அக்கா